பிடி அரிசியும் வங்கிக் கணக்கும்

உலையில் அரிசியை இடுவதற்கு முன் அதிலிருந்து ஒரு பிடி அள்ளி, அருகிலுள்ள கலயத்தில் போட்டுவைப்பது தமிழ் முஸ்லிம் இல்லங்களில் நெடுங்காலம் நிலவிவந்த வழக்கமாகும். மாதம் முடிந்ததும் கலயத்தில் சேர்ந்த அரிசி மதரஸாவுக்கோ, அரபிக் கல்லூரிக்கோ, அண்டையிலுள்ள ஏழை வீட்டுக்கோ போய்ச் சேரும். பிடி அரிசி என்று அதற்குப் பெயர். மாதக் கடைசியில் வந்து, இரண்டு படி அரிசியை மொத்தமாக அளந்து கொடுங்கள் என்று கேட்டிருந்தால் எத்தனை வீடுகளில் கை தயங்கியிருக்கும்! அன்றாடம் ஒரு பிடி என்றபோது குறைவு தெரியவில்லை. கொடுக்கும் மனமும் சலிக்கவில்லை. கலயம் அடுப்பங்கரையில் கண்ணெதிரே இருந்தமையால் மறதிக்கும் இடமில்லாமற் போயிற்று.

இவ்வழக்கத்தை வகுத்த பெண்மணிகள் எந்தக் கல்லூரியிலும் பொருளியல் பயின்றவர்கள் அல்லர். ஆயினும் மனித மனம் எங்கே தயங்கும், எதனை மறக்கும், எதற்குப் பழகும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். அந்த அறிவே இன்று நடத்தைப் பொருளியல் என்னும் பெயரோடு பல்கலைக்கழகங்களில் கற்பிக்கப்படுகிறது. நோபல் பரிசுகளையும் பெற்றிருக்கிறது. அரசுகள் அதனைக் கருவியாகக் கையாளுகின்றன. அத்துறையின் புகழ்பெற்ற நூல்கள் இரண்டையும், நம் நாட்டு அரசின் அறிக்கை ஒன்றையும் புதுவையைச் சார்ந்த வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் வாழ்க்கையோடு ஒப்பவைத்துப் பார்த்து, ஏற்கத் தக்கது எது, மறுக்கத் தக்கது எது என ஆராய்வதே நம் நோக்கமாகும்.

புதிய துறை சொல்வது என்ன?

பழைய பொருளியல் நூல்கள் வரைந்து காட்டிய மனிதன் விந்தையானவன். எல்லா விலைகளும் அவனுக்குத் தெரியும், இன்றைய இன்பத்தையும் நாளைய நன்மையையும் தராசில் இட்டு நிறுப்பான், மறக்கமாட்டான், சோர்வடையமாட்டான். அத்தகைய மனிதனை நாம் எந்தச் சந்தையிலும் கண்டதில்லை. டேனியல் கானமன், அமோஸ் ட்வர்ஸ்கி என்னும் உளநூல் அறிஞர் இருவர் 1979-இல் வெளியிட்ட ஆய்வு அந்தச் சித்திரத்தைக் கலைத்தது. நூறு ரூபாய் கிடைப்பதால் உண்டாகும் மகிழ்ச்சியைக் காட்டிலும் நூறு ரூபாயை இழப்பதால் உண்டாகும் துன்பம் மனத்தில் பெரிதாக நிற்கிறது என்பது அவர்கள் எடுத்துக்காட்டிய உண்மைகளுள் ஒன்று. கானமனுக்கு 2002-இலும், அவ்வழியில் தொடர்ந்த ரிச்சர்டு தேலருக்கு 2017-இலும் பொருளியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

தேலரும் சட்ட அறிஞர் காஸ் சன்ஸ்டைனும் இணைந்து 2008-இல் வெளியிட்ட ‘நட்ஜ்’ என்னும் நூலே இத்துறையை உலகெங்கும் கொண்டு சென்றது. பக்கத்திலிருப்பவரை முழங்கையால் மெல்லத் தொட்டு உணர்த்துவதையே அச்சொல் குறிக்கும். அதனைத் தூண்டல் என நாம் இங்கே வழங்குவோம். எதனையும் தடை செய்யாமலும் எவரையும் கட்டாயப்படுத்தாமலும், பொருளை வைக்கும் இடத்தையும் படிவத்தின் அமைப்பையும் மாற்றினாலே மக்களின் தேர்வு மாறிவிடும் என்பது அந்நூலின் கருத்து. அமெரிக்க நிறுவனம் ஒன்றைப் பற்றி 2001-இல் வெளியான ஆய்வு இதற்குச் சிறந்த சான்று. ஓய்வுக்காலச் சேமிப்பில் சேர விரும்புவோர் தாமே முன்வந்து பதிந்துகொள்ள வேண்டும் என்றிருந்தபோது ஊழியருள் 49 விழுக்காட்டினரே சேர்ந்திருந்தனர். அனைவரும் தாமாகவே சேர்க்கப்படுவர், விரும்பாதவர் விலகிக்கொள்ளலாம் என்று மாற்றிய பிறகு வந்தவர்களுள் 86 விழுக்காட்டினர் சேர்ந்திருந்தனர். சலுகை மாறவில்லை, கட்டாயமும் இல்லை. மாறியது சேரும் முறை மட்டுமே.

இதிலிருந்து நூலாசிரியர்கள் பெறும் முடிவு முக்கியமானது. எந்தப் பொருளும் ஏதேனும் ஓரிடத்தில் வைக்கப்பட்டுத்தான் ஆகவேண்டும். எந்தப் படிவமும் ஏதேனும் ஒரு வகையில் அச்சிடப்பட்டுத்தான் ஆகவேண்டும். ஆகவே எந்தச் சார்பும் இல்லாத அமைப்பு என ஒன்றில்லை. அமைப்பவர் எவராயினும் தம் பொறுப்பிலிருந்து நழுவ முடியாது. இதனை நாம் முழுமனத்தோடு ஏற்கிறோம்.

ரமலான் மாதத்தை எண்ணிப் பாருங்கள். ஊரே நோன்பிருக்கும் அம்மாதத்தில் சிறுவர்களும் போட்டியிட்டுக்கொண்டு நோன்பு பிடிக்கிறார்கள். தவறிப்போன ஒரு நோன்பைப் பின்னர் தனியே களாச் செய்ய முற்படும்போதோ பெரியவர்களுக்கும் நாள் தள்ளிக்கொண்டே போகிறது. பசி ஒன்றுதான், சூழல் வேறு. ஸஹருக்கு எழுப்பும் குரல், பள்ளிவாசலின் நோன்புக் கஞ்சி, இஃப்தாருக்குக் கூடும் சுற்றம் ஆகிய யாவும் நம்மைத் தாங்கிப் பிடிக்கின்றன. ஆனால் அங்கே இன்னொன்றும் உண்டு. தராவீஹ் தொழுகை முடிந்தபின் இமாம் சொல்லித்தர, மறுநாள் நோன்புக்குரிய நிய்யத்தை ஜமாஅத்தார் ஒவ்வொருவரும் தம் வாயால் சொல்கிறார்கள். சூழல் துணை நிற்கிறது. முடிவு அவரவருடையதாகவே இருக்கிறது. இந்த வேறுபாட்டை உரைகல்லாகக் கொண்டு மேலே செல்வோம்.

கரும்பு வயலில் ஓர் ஆய்வு

இரண்டாவது நூல் நம் ஊர்களுக்கு மிகவும் அணித்தானது. இந்தியச் சிற்றூர் ஒன்றில் பிறந்து சிறுவயதில் அமெரிக்கா சென்ற செந்தில் முல்லைநாதனும், உளநூல் அறிஞர் எல்டார் ஷஃபீரும் சேர்ந்து 2013-இல் வெளியிட்ட ‘ஸ்கேர்சிட்டி’ என்பது அந்நூல். பற்றாக்குறை என்பது அதன் பொருள். அந்நூலைத் தாங்கும் தூண்களில் ஒன்று, ஆனந்தி மணி, ஜியாயிங் ஜாவோ ஆகியோருடன் சேர்ந்து அவ்விருவரும் அதே ஆண்டில் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வாகும். விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளிடையே அது நடத்தப்பட்டது. வில்லியனூருக்கு மேற்கே எல்லையைத் தாண்டினால் விழுப்புரம் மாவட்டம். எல்லைக்கு இப்புறமும் அப்புறமும் நெல்லும் கரும்புமே பயிர். ஆகவே இவ்வாய்வை அயலார் கதையாக நம்மால் படிக்க இயலாது.

கரும்பு விவசாயிக்கு வருமானத்தின் பெரும்பகுதி ஆண்டுக்கு ஒருமுறை, வெட்டு முடிந்த பின்னரே கைக்கு வருகிறது. வெட்டுக்கு முந்திய மாதங்கள் முடைக்காலம். ஆய்வாளர்கள் ஒரே விவசாயியை வெட்டுக்கு முன்னும் பின்னும் சந்தித்து, வரிசையாகத் தரப்பட்ட உருவங்களில் விடுபட்டதைக் கண்டுபிடிப்பது போன்ற அறிவுச் சோதனைகளைச் செய்யச் சொன்னார்கள். பணம் வந்த பின் செய்த சோதனையில் விளைவு தெளிவாக மேம்பட்டிருந்தது. மனிதர் அவரேதான், இடையில் அவர் புதிதாக எதுவும் கற்றுவிடவில்லை. நாளைய தவணை, மகளின் கல்விக் கட்டணம், மருந்துச் செலவு என்று முடை மனத்தை அடைத்துக்கொண்டிருந்தபோது வேறு எதற்கும் அங்கே இடமில்லை. முடை நீங்கியதும் மனம் விடுபட்டது என்பது ஆய்வாளர்கள் கண்ட முடிவு.

ஏழை ஏழையாக இருப்பதற்கு அவனுடைய அறியாமையும் சோம்பலுமே காரணம் என்று வசதி படைத்தோர் சொல்லிவந்த பழிச்சொல்லுக்கு இந்நூல் தக்க மறுமொழி தந்தது. அதற்காக ஆசிரியர்களுக்கு நாம் நன்றி பாராட்டக் கடமைப்பட்டிருக்கிறோம்.

ஆனால் அதே ஆய்வில் வேறு எண்களும் இருக்கின்றன. வெட்டுக்கு முன் 78 விழுக்காட்டினர் பொருள்களை அடகு வைத்திருந்தனர். வெட்டுக்குப் பின் 4 விழுக்காட்டினர். முன்னர் 99 விழுக்காட்டினருக்குக் கடன் இருந்தது. பின்னர் 13 விழுக்காட்டினருக்கு. இவ்வெண்களைப் படிப்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி எது? மனம் ஏன் மங்குகிறது என்பதா? வீட்டு நகை ஆண்டுதோறும் ஏன் அடகுக்கடைப் படியேறுகிறது என்பதா? 1966-ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, கரும்பு ஆலைக்கு வந்த 14 நாளுக்குள் விவசாயிக்குப் பணம் தரப்படவேண்டும். தவறினால் ஆண்டுக்கு 15 விழுக்காடு வட்டி சேர்த்துத் தரவேண்டும். ஆணை இவ்வாறிருக்க, நிலுவைத் தொகை கேட்டு விவசாயிகள் தெருவுக்கு வருவது நம் நாட்டில் பன்முறை கண்ட காட்சியாகும். கொடுக்க வேண்டியவர் காலத்தில் கொடுக்காமையால் மங்கிய மனத்துக்கு, கொடுபடாதவரின் தலைக்குள் மருந்து தேடுவது முறையாகுமா?

வருமானத்தைச் சீராகப் பகிர்ந்து தருவதன் நன்மையை அந்நூலும் பேசத்தான் செய்கிறது. ஆயினும் நூலின் வெளிச்சம் பெரிதும் விழுவது கடன் பட்டவரின் மனத்தின்மீது. கடன் பட வைத்த ஏற்பாட்டின்மீது விழுவது குறைவு. இது நம் முதல் குறை.

சான்றுகளின் உறுதி

இரண்டாவது குறை சான்றுகளைப் பற்றியது. ஒரு துறை புகழ் பெற்றவுடன் அதன் சொற்கள் அனைத்தும் வேதவாக்காகக் கொள்ளப்படுகின்றன. அது தகாது. அமெரிக்காவில் குறைந்த வருவாயுள்ளோரைச் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் சோதித்து 2016-இல் வெளியான ஆய்வில், அறிவுத்திறனில் வேறுபாடு எதுவும் காணப்படவில்லை. விழுப்புரத்து முடிவு எல்லா இடத்துக்கும் பொருந்தும் எனக் கொள்வதற்கு இது தடையாக நிற்கிறது. படிவத்தின் அடியில் ஒப்பமிடுவதற்குப் பதிலாகத் தலைப்பில் ஒப்பமிடச் செய்தால் மக்கள் உண்மையே எழுதுவர் என்று 2012-இல் வெளியான ஆய்வு பெரிதும் கொண்டாடப்பட்டது. அதன் தரவுகள் போலியானவை எனத் தெரியவந்து 2021-இல் அக்கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. நேர்மையைப் பற்றிய ஆய்வே நேர்மை தவறியது!

அமெரிக்காவில் தூண்டல் முறைகளை அரசுக்காகச் செய்துபார்க்கும் இரு பிரிவுகளின் 126 சோதனைகளைத் தொகுத்த ஆய்வொன்று 2022-இல் வெளிவந்தது. கல்வி இதழ்களில் அச்சேறிய சோதனைகளில் தூண்டலின் பயன் சராசரியாக 8.7 விழுக்காட்டுப் புள்ளிகள் என்றிருக்க, இப்பிரிவுகள் நேரில் செய்து பார்த்தவற்றில் அது 1.4 புள்ளிகளே. வெற்றி பெற்ற சோதனையே அச்சேறுகிறது. தோற்றது மேசை அறையில் உறங்குகிறது. ஒன்றரைப் புள்ளியும் பயன்தான். நாம் அதனை இகழவில்லை. ஆனால் வறுமையைத் தீர்க்கும் மந்திரக்கோல் அதுவன்று.

அரிசியா, பணமா?

இனி, நம் கொம்யூன்களின் அடுப்படிக்குள்ளேயே நடந்த பெரிய சோதனைக்கு வருவோம். ரேஷன் தானியத்துக்கு மாற்றாக வங்கிக் கணக்கில் பணம் செலுத்தும் முறை 2015 செப்டம்பரில் சண்டிகரிலும் புதுவையிலும் தொடங்கப்பட்டது. பின்னர் புதுவை அரசின் இலவச அரிசித் திட்டமும் அதே வழக்குக்குள் சிக்கியது. முதல்வர் நாராயணசாமியின் அமைச்சரவை அரிசியே தரவேண்டும் என்றது. துணைநிலை ஆளுநர் கிரண் பேடி பணமே தரவேண்டும் என்றார். மைய அரசு ஆளுநரின் பக்கம் நின்றது. முதல்வர் தொடுத்த வழக்கைச் சென்னை உயர்நீதிமன்றம் 2020-இல் தள்ளுபடி செய்தது. சிவப்பு அட்டைக்குரிய 20 கிலோ அரிசிக்கு ஈடாக 600 ரூபாய், மஞ்சள் அட்டைக்குரிய 10 கிலோவுக்கு ஈடாக 300 ரூபாய் என்பது கணக்கு. ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்த ரேஷன் கடைகள், 2024 அக்டோபரில் தீபாவளியை ஒட்டி மீண்டும் திறக்கப்பட்டன.

பழைய பொருளியலைக் கேட்டால், 20 கிலோ அரிசியைவிட 600 ரூபாயே மேல் என்று சொல்லும். அரிசி வேண்டுவோர் அரிசி வாங்கலாம், பருப்பு வேண்டுவோர் பருப்பு வாங்கலாம் அல்லவா? இவ்வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. இடையில் அரிசி களவு போவதும், தரம் குறைந்த அரிசி தலையில் கட்டப்படுவதும் பணத்தால் தவிர்க்கப்படலாம். பாகூர் ஏரிப் பாசனத்தில் சொந்த நெல் விளையும் வீட்டுக்குப் பணமே பயன்படும்.

ஆனால் பணத்துக்குப் பெட்டி உண்டு என்பது தேலரின் கண்டுபிடிப்பு. வாடகைக்கு ஒன்று, பள்ளிக்கு ஒன்று, நோய்க்கு ஒன்று என மக்கள் மனத்துக்குள் தனித்தனிப் பெட்டி வைத்துக் கணக்குப் பார்க்கிறார்கள் என்கிறார் அவர். நம் தாய்மார்கள் அஞ்சறைப் பெட்டியிலும் அரிசிப் பானையிலும் சேர்த்துவைத்த சிறுவாட்டுப் பணத்தை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. அரிசி வீட்டுக்கு வரும்போது நேரே அடுப்படிக்குச் செல்கிறது. அதன் பெட்டி எது என்பதில் ஐயமில்லை. வங்கிக்கு வரும் 600 ரூபாயோ அங்கே ஏற்கெனவே காத்திருக்கும் குழுக்கடன் தவணையோடும் கைப்பேசிக் கட்டணத்தோடும் கலந்துவிடுகிறது. உணவுப் பாதுகாப்புக்கான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் இல்லத்தின் மூத்த பெண்ணையே ரேஷன் அட்டைக்குத் தலைவியாக்கியது. அட்டையில் தலைவி அவள். வங்கி அட்டை எவருடைய சட்டைப் பையில் இருக்கிறது? வீட்டுத் தலைவன் மதுவுக்கு அடிமையான இல்லத்தில் அந்த 600 ரூபாய் எந்தப் பெட்டிக்குப் போகும்? சந்தையில் அரிசி கிலோ 30 ரூபாயைத் தாண்டும்போது அப்பணம் எத்தனை கிலோவுக்குக் காணும்? இவை ஏட்டுச் சுரைக்காய் அல்ல. உலை கொதிக்கும் வீட்டின் கேள்விகள்.

பணத்துக்குப் பெயரிட்டால் அதன் போக்கு மாறும் என்பதற்கு மொராக்கோ நாட்டுச் சான்று ஒன்றுண்டு. அங்கே ‘தைசீர்’ என்னும் திட்டத்தில் கிராமத்துப் பெற்றோருக்கு, இது பிள்ளைகளின் கல்விக்கானது என்று பெயர் சூட்டிப் பணம் தரப்பட்டது. நிபந்தனை எதுவும் விதிக்கப்படாதபோதும் பள்ளி செல்லும் பிள்ளைகள் கூடினர் என்றும், நிபந்தனை விதித்ததால் கூடுதல் பயன் விளையவில்லை என்றும் 2015-இல் வெளியான ஆய்வு காட்டியது. அம்மக்களை ஐயுறாமல், நோக்கத்தை வெளிப்படையாகச் சொன்னதே போதுமானதாயிற்று.

புதுவையில் நடந்தது வேறு. கார்த்திக் முரளிதரன் முதலான பொருளியலாளர்கள் பணம் வழங்கும் முறையை 2016 முதல் பல சுற்றுகளாகக் கண்காணித்தபோது, அரசுப் பதிவேட்டில் செலுத்தப்பட்டதாக இருந்த பணம் தங்களுக்கு வந்ததாகவே பலர் அறிந்திருக்கவில்லை என்பது தெரியவந்தது. நாளடைவில் நிலைமை சீரடைந்தது என்றாலும், வங்கிக்கு ஒரு நடை, கடைக்கு ஒரு நடை என்னும் அலைச்சலும் கூலி இழப்பும் எவர் கணக்கிலும் ஏறவில்லை.

இத்தனை ஆண்டு வழக்கில் நம் உள்ளத்தை உறுத்துவது ஒன்று. அரிசி என்றவர்களும் பணம் என்றவர்களும் எல்லாவற்றிலும் மாறுபட்டு, ஒன்றில் மட்டும் ஒத்திருந்தார்கள்: எது வேண்டும் என்று அந்தந்தக் குடும்பமே தேர்ந்துகொள்ளும் வழியை இருவரும் திறக்கவில்லை. தேர்வைப் பற்றி இத்தனை நூல்கள் எழுந்த காலத்தில், தேர்வுக்குரிய பெண்ணிடம் கேள்வியே போய்ச்சேரவில்லை.

அரிசியா, பணமா என்னும் வழக்கு நம் சமுதாயத்துக்குப் புதியதன்று என்பதையும் இங்கே நினைவூட்ட விரும்புகிறோம். ஈகைப் பெருநாளின் ஃபித்ராவை ஷாஃபிஈ மத்ஹபினர் அரிசியாகவே அளந்து கொடுக்கிறார்கள். ஹனஃபி மத்ஹபில் அதன் மதிப்பைப் பணமாகக் கொடுக்கவும் இடமுண்டு. இமாம்களிடையே ஆயிரம் ஆண்டுக்கு மேலாக நிகழ்ந்துவரும் இவ்வாய்வில், ஏழையின் தேவை எதனால் நிறைவேறும் என்பது ஒரு முக்கியமான வாதமாக நிற்கிறது. பெறுபவரின் முகத்தைப் பார்த்துப் பேசும் வாதம் அது. கொடுப்பவரின் அதிகாரத்தைப் பற்றிய வாதமன்று.

மார்க்கத்தைத் தூண்டுகோலாக்குதல்

மூன்றாவதாக நாம் எடுத்துக்கொள்வது, 2019 ஜூலையில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட 2018-19-ஆம் ஆண்டின் பொருளாதார ஆய்வறிக்கை. அதன் இரண்டாம் அத்தியாயம் முழுவதும் தூண்டலைப் பற்றியதே. மக்கள் வரி செலுத்தாமல் ஏய்ப்பதைக் குறைக்க, சமயக் கோட்பாடுகளைத் துணைக்கொள்ளலாம் என்று அது கூறுகிறது. கடன் தீர்க்காமல் இறப்பது குற்றம் என இந்து சமயம், இஸ்லாம், கிறித்தவம் ஆகியவை கொள்வதை எடுத்துக்காட்டி, வரி பாக்கியும் ஒரு கடனே என்னும் எண்ணத்தை ஊட்டலாம் என்பது அதன் கருத்து.

கடனை நம் மார்க்கம் எளிதாகக் கொள்ளவில்லை என்பது உண்மையே. ஜனாஸா வைக்கப்பட்ட இடத்தில் மரித்தவரின் கடனுக்குப் பொறுப்பேற்பார் எவர் என்று கேட்கும் வழக்கத்தை நாம் இன்றும் காண்கிறோம். வரி செலுத்துவது குடிமகனின் கடமை என்பதிலும் நமக்கு மாறுபாடில்லை. ஆனால் திருமறையில் கடனைப் பற்றிய கட்டளை இருபுறமும் கூர்மையுடையது. அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம் கடனை எழுதிவைக்கவும் சாட்சி வைக்கவும் பணிக்கிறது. எழுதத் தெரிந்தவர் மறுக்கக் கூடாது என்கிறது. வாசகத்தைச் சொல்லும் உரிமையைக் கடன் வாங்குபவரிடமே தருகிறது. அதற்கு முன் 280-ஆம் வசனம், கடன்பட்டவர் நெருக்கடியில் இருந்தால் வசதி வரும்வரை தவணை அளிக்கப் பணித்து, விட்டுக்கொடுப்பதை இன்னும் நல்லது என்று போற்றுகிறது. அறிக்கை எடுத்துக்கொண்டது கடனாளிக்குரிய எச்சரிக்கையை. கடன் கொடுத்தவருக்குரிய கட்டளைக்கு அங்கே இடமில்லை. அரசும் ஆலையும் நிதி நிறுவனமும் ஏழைக்குத் தரவேண்டியதைக் காலத்தில் தருவதற்கு எந்தச் சமய வசனத்தை எவர் நினைவூட்டுவது?

நிய்யத்தைப் பற்றிய தடை இதனினும் பெரியது. ஒரு செயலுக்கு மதிப்பு அதன் பின்னுள்ள எண்ணத்தால் அமைவது என்பது நம் மார்க்கத்தின் அடித்தளங்களுள் ஒன்று. தூண்டல் நூல்களுக்கோ செயல் நடந்துவிட்டால் போதும். எண்ணம் விழித்திருந்ததா, உறங்கியதா என்பது பொருட்டன்று. அரசு தன் கொள்கைகளை மக்கள்முன் வெளிப்படையாக எடுத்துரைக்கக் கூடியவையாக வைத்திருக்க வேண்டும் எனத் தேலரும் சன்ஸ்டைனும் ஒரு வரம்பு விதிப்பதை நாம் மறைக்கவில்லை. ஆனால் எடுத்துரைக்கக் கூடியதாய் இருத்தல் வேறு, உரியவரிடம் எடுத்துரைத்தல் வேறு.

சந்தையின் ஒழுங்கு

அப்படியானால் தேர்வுக்குரிய சூழலை எவரும் அமைக்கவே கூடாதா எனக் கேட்கலாம். அமைக்கலாம், அமைக்க வேண்டும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனத்துச் சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரம் இருக்கக் கண்டு, நனைந்ததை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வணிகரைக் கடிந்த நிகழ்ச்சியை நாமெல்லாம் அறிவோம். பொருளை எவ்வாறு அடுக்கிவைப்பது என்பதே வாங்குபவரின் முடிவை மாற்றும் என்னும் உண்மை அங்கே இருக்கிறது. ஆனால் அங்கே திருத்தம் விற்பவருக்கு. வாங்குபவரின் மனத்துக்கு அன்று. கிராமத்திலிருந்து சரக்கோடு வருபவரை, சந்தை விலையை அவர் அறியுமுன்பே ஊரெல்லைக்குச் சென்று மடக்கி வாங்குவதும் தடுக்கப்பட்டது. விற்பவரும் வாங்குபவரும் பிரியும்வரை வியாபாரத்தை முறித்துக்கொள்ளும் உரிமையும் இருவருக்கும் தரப்பட்டது. அறியாதவரின் அறியாமையைப் பயன்படுத்தாதே, அவசரப்படுத்தாதே, திரும்பிச் செல்லும் கதவை அடைக்காதே என்பவை இவற்றின் சாரம்.

இன்று வில்லியனூர்க் கடைத்தெருவைவிடப் பெரிய சந்தை ஒவ்வொரு வீட்டிலும் கைப்பேசிக்குள் திறந்திருக்கிறது. ‘இன்னும் இரண்டே உள்ளன’ என்று பொய்யாக அவசரப்படுத்துவது, கேளாத பொருளைக் கூடையில் சேர்த்துவிடுவது, சேர்வதற்கு ஒரு தொடுகையும் விலகுவதற்குப் பத்துப் படிகளும் வைப்பது என்று ஈரத் தானியம் அங்கும் அடியில் மறைந்திருக்கிறது. இத்தகைய சூழ்ச்சிகளில் 13 வகைகளைப் பெயரிட்டு, நுகர்வோர் பாதுகாப்புக்கான மைய ஆணையம் 2023 நவம்பர் 30-ஆம் நாள் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. இதனை நாம் வரவேற்கிறோம். வாங்குபவரைத் திருத்தும் முயற்சிக்கு முன் விற்பவரைத் திருத்தும் முயற்சி வருவதே முறை.

நம் கடமை

இவ்வளவும் சொன்னபின், அரசையும் அறிஞரையும் மட்டும் குறை கூறி அமைந்துவிட முடியாது. நம் பள்ளிவாசல்களும் பைத்துல்மால்களும் ஏழைகளுக்குரிய ஏற்பாடுகளை அமைப்பவைதாம். ஜக்காத் பெறும் குடும்பத்திடம், அரிசியாக வேண்டுமா, பணமாக வேண்டுமா, பிள்ளையின் கல்விக் கட்டணமாகச் செலுத்திவிடலாமா என்று நாம் கேட்கிறோமா? கைம்பெண்ணை ஊரார் பார்க்க வரிசையில் நிறுத்தி வைத்துக் கொடுக்கிறோமா, வீட்டுக்குச் சென்று மறைவாகக் கொடுக்கிறோமா? வரிசையும் ஓர் அமைப்பே. கூச்சமுள்ளவர் அவ்வரிசைக்கு வாராமலே இருந்துவிடுகிறார். வெட்டுக்கு முந்திய முடை மாதங்களில் விவசாயிக்கும் கூலியாளுக்கும் வட்டியில்லாக் கடன் கிடைத்தால் நகை அடகுக்கடைக்குப் போவது குறையும். பணம் அதிகம் தேவை என்பதைவிடக் காலம் அறிந்து தருவதே அங்கே தேவை. ஒரு மஹல்லாவால் இயலாதது இது அன்று.

எந்த ஏற்பாட்டை எவர் நம்முன் கொண்டுவந்தாலும் மூன்று கேள்விகளைக் கேட்போம். இதனை அமைத்தவர் யார் என்பது தெரிகிறதா? இதனால் நடக்க வேண்டிய பயன் யாருக்கு என்பது வெளிப்படையாகச் சொல்லப்பட்டதா? வேண்டாம் என்று திரும்பிச் செல்லும் வழி எளிதாக இருக்கிறதா? மூன்றுக்கும் ஆம் என விடை வருமானால் அது துணை. ஒன்றுக்கேனும் இல்லை என வந்தால், பரிசு பெற்ற பேரறிஞர் வகுத்ததாயினும் அது பொறி.

பிடி அரிசிக் கலயம் இம்மூன்று கேள்விக்கும் விடை தந்தது. அதனை வைத்தவளே அள்ளிப் போட்டாள். எவருக்குப் போகிறது என்பதை அறிந்திருந்தாள். இல்லாத நாளில் போடாமல் விடவும் அவளுக்கு உரிமை இருந்தது. ஒவ்வொரு பிடியிலும் அவளுடைய நிய்யத் விழித்திருந்தது. புதிய துறையிடமிருந்து நாம் கற்க வேண்டியவை பல உண்டு, கற்போம். ஆனால் அத்துறை அக்கலயத்தின் அருகே வந்து கற்க வேண்டியதும் ஒன்று உண்டு. பிறருக்காக ஏற்பாடு செய்வதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்பதே அது. அல்லாஹ் நம் எண்ணங்களையும் ஏற்பாடுகளையும் சீராக்குவானாக.